நாலு மில்லியாம்பியர்

தார்க்கானில் அன்று மைனஸ் முப்பத்தேழு.
மூன்றாம் குழாயின் ஓட்டம்
திரையில் சுழியம்.

"கருவி செத்துப்போச்சு" என்றார் பூரெவ்தாஷ்.
எது நின்றாலும் முதல் பழி கருவிக்குத்தான்.
கொதிகலனைத் திட்டினால் அதன் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள்,
கருவிக்காகச் சண்டைக்கு வர
இரவு ஷிஃப்டில் நான் ஒருத்திதான்.

கம்பியைக் கழற்றி நடுவே
மல்ட்டிமீட்டரைக் கோத்தேன்.
நாலு புள்ளி சுழியம் இரண்டு.

நாலு என்றால் உயிரோடிருக்கிறது.
நாலிலிருந்து இருபதுவரை அதன் பேச்சு:
இருபது என்றால் குழாய் நிறைய வெந்நீர்,
நாலு என்றால் ஒரு சொட்டும் இல்லை.
கம்பி அறுந்தால்தான் வெறும் சுழியம்.
எங்கள் பழைய திரைக்கு இரண்டும் ஒன்று.
ஒன்றுமில்லை என்று சொல்லவும்
கொஞ்சம் மின்சாரம் வேண்டும்;
இதை யோசித்து வைத்தவர் யாரோ,
பேச்சு நின்ற வீட்டில் வளர்ந்தவராயிருப்பார்.

"கருவி பொய் சொல்லவில்லை. ஓட்டம்தான் இல்லை."
பூரெவ்தாஷ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.
மூன்றாம் குழாயின் கடைசியில்
பதினான்காம் கட்டிடம்.
அதில் நாலாம் மாடியில் என் அக்கா கெர்லென்.

வால்வு அறைக்கு இருநூறு அடி.
இமைமுடியில் பனி ஒட்டிய பிறகே கதவு திறந்தது.
பதினான்காம் கட்டிடத்துக்கு செட் பாயிண்ட் எழுபது;
எழுபது வரவில்லையே என்று கட்டுப்படுத்தி
திற, திற, இன்னும் திற என்று
நூறு சதவீதத்தில் முட்டி நிற்கிறது.
வால்வோ பல்லைக் கடித்து மூடிக் கிடக்கிறது.
காற்றுக் குழாயில் ஈரம்,
ஈரம் உறைந்து
விரல் நீளத்துக்கு ஒரு பனித் திரி.

காற்று போனால் திறந்துகொள்ளும் வால்வும் உண்டு,
மூடிக்கொள்ளும் வால்வும் உண்டு.
எது வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
ஜூலையில், சட்டைக் கையை மடித்துவிட்டு,
யாரோ மூடும் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்.

என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்க் உப்புப் பால்தேநீர்.
செப்புக் குழாய்மேல் அவ்வளவையும் ஊற்றினேன்.
ஆவி, பால் வாடை,
அப்புறம் ஒரு செருமல்.
தண்டு மேலேறியது.

இனிமேல்தான் ஆபத்து.
இந்த நேரமெல்லாம் ஒவ்வொரு நொடியின் பிழையையும்
கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறது கட்டுப்படுத்தி.
தொகைப் பகுதி என்று பெயர். மறக்காது.
வழி கிடைத்ததும் பழைய பாக்கியை
ஒரே மூச்சில் தீர்க்கப் பார்க்கும்:
எழுபதைத் தாண்டும், தொண்ணூறைத் தொடும்,
பதறி மூடும், பிறகு பதறித் திறக்கும்,
விடிய விடிய ஊசலாட்டம்.
கைமுறைக்கு மாற்றச் சொன்னேன், வாக்கி டாக்கியில்.
முப்பது சதவீதம். அங்கேயே நில்லுங்கள்.

அந்தப் பழைய வால்வில் முப்பது என்பதும் ஒன்றல்ல;
கீழிருந்து ஏறி வந்த முப்பது வேறு,
மேலிருந்து இறங்கி வந்த முப்பது வேறு.
போன வழியிலேயே திரும்பி வர அதற்குத் தெரியாது.

அக்காவை அலைபேசியில் அழைத்தேன்,
செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை.
அப்பாவின் ஜீப்பை யாரைக் கேட்டு விற்றாய்
என்ற இடத்தில் நின்றுபோன பேச்சு.
எடுத்தாள். பேசவில்லை.
"வெந்நீர் கிளம்பிவிட்டது. நாற்பத்தொரு நிமிஷம்.
செத்த நேரம் பொறு."

செத்த நேரம் என்றுதான் எங்கள் தொழிலிலும் சொல்வது:
கட்டளை போய்விட்டது, பலன் வரவில்லை,
நடுவே குழாய்க்குள்
வெந்நீர் நடந்துகொண்டிருக்கும் அந்த நேரம்.
அதில் பொறுக்காமல் வால்வைத் தொட்டவன் கெட்டான்.

மறுமுனையில் மூச்சு.
குழந்தையின் இருமல் ஒன்று,
எங்கோ தொலைக்காட்சியில் மல்யுத்தம்.
காதுச் சதை உறைகிறது, நான் துண்டிக்கவில்லை.
அவளும்.

"முப்பத்தைந்து ஆக்கட்டுமா?"
வாக்கி டாக்கியில் பூரெவ்தாஷ்.
வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்,
இரண்டு பேருக்கும் கேட்கும்படி.